பாலாற்றில் ஏழாம் நம்பர்

பதினோரு வருஷமாக
இந்த ஆட்டத்துக்கு ஷூ தைத்துக் கப்பலேற்றுகிறோம்,
எங்களில் ஒருத்தரும் ஆடிப் பார்த்ததில்லை.
ராணிப்பேட்டை சிப்காட், மூன்றாவது ஷெட்,
சோல் பரிசோதனை மேஜை என்னுடையது.
காலுக்கு ஒன்பது முள், ஜோடிக்குப் பதினெட்டு.
திருகிப் பார்ப்பேன். அசையாவிட்டால் டிக்.
மைதானத்திலும் பதினெட்டுக் குழியாம்.
அதைத் தெரிந்துகொண்ட அன்று
சாப்பாட்டு மணி அடிக்கும்வரை
தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கழித்துப்போட்ட ஜோடி ஒன்று,
இடது கால் வெள்ளை, வலது கால் மோர் வெள்ளை,
ஊழியர் விலை நூற்றியெண்பது.
ஒரு சைஸ் பெரிது. இரண்டு காலுறை போட்டால் போகிறது.

மட்டை வாலாஜா ரோட்டுப் பழைய இரும்புக் கடையில்.
பெங்களூர்ப் பக்கமிருந்து வந்த மூட்டையில்
ஏழாம் நம்பர் ஒன்றுதான் வளையாமல் இருந்தது.
முனாஃப் பாய் தராசில் போட்டார்.
"நானூறு கிராம் சொச்சம். பிடி ரப்பரு,
அதுக்குக் கழிச்சுக்கறேன் மா."
பத்தொன்பது ரூபாய்.
மீதி ஒரு ரூபாய்க்குச் சில்லறை இல்லை,
ஒரு சாக்லேட்.

பந்துதான் கைகடிக்கிறது.
யாரோ அடித்து ஓய்ந்த பந்துகள்
ஆறு, தபாலில் இருநூற்று நாற்பது.
ஒன்று தொலைந்தால் ஒரு கிலோ தக்காளி
என்று சுவரில் எழுதி வைத்தேன்.

மைதானத்துக்குக் காசில்லை: பாலாறு.
நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று
எங்கள் ஜில்லாவைக் கேலி பேசுகிறவர்கள்
புல்லில்லா கோல்ஃபையும் சேர்த்துக்கொள்ளட்டும்.
மணலில் விழுந்தால் கஷ்டம் என்கிறான் போனில் ஒருத்தன்.
இங்கே வேறெங்கே விழும்?
வீட்டுக் கால்மிதியைச் சுருட்டி எடுத்துப் போவேன்.
விரித்து, 'நல்வரவு' என்பதில்
கடைசி எழுத்தின் மேல் பந்தை வைப்பேன்.
குழி நான் தோண்டுவதில்லை.
ராத்திரி மணல் வண்டிக்காரர்கள்
வாராவாரம் இடம் மாற்றி வெட்டிவிட்டுப் போகிறார்கள்.

முதல் ஞாயிறு, வெயிலுக்கு முன்னால்,
பேக்கிங் ரிஸ்வானா ஸ்கூட்டரில் உட்கார்ந்து எண்ணினாள்.
நாற்பத்தோரு வீச்சு.
பந்து போனது இரண்டடி.
கால்மிதி போனது பன்னிரண்டடி.
கிரிக்கெட் பையன்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு
மரியாதையாக வேடிக்கை பார்த்தார்கள்.
"அக்கா, அவுட்டா?"
"தெரியலைப்பா."

இறுக்கிப் பிடிக்காதே என்கிறான் போன்காரன்.
இடுப்பைத் திருப்பு என்கிறான்.
பார் நாலு என்கிறான்,
எங்கள் தெருவிலிருந்து பஸ் நிலையம்வரை
எண்ணினால் எனக்கும் நாலுதான் வருகிறது.
தலையைத் தூக்காதே என்கிறான்,
அதை மட்டும் என்னிடம் சொல்ல வேண்டியதில்லை.
பதினோரு வருஷம் சோலைப் பார்த்துக் குனிந்த தலை,
கழுத்தெலும்பில் தேய்மானம் என்று
வேலூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துக் காட்டிய தலை.

ஐந்தாவது ஞாயிறு அது நடந்தது.
கையில் ஒன்றும் தெரியவில்லை.
முள் சரியாகத் திருகி உட்காரும்போது
ஒரு சின்ன 'டிக்' கேட்குமே, அந்தச் சத்தம்,
கொஞ்சம் பெரிதாக.
அப்போதும் குனிந்தே நின்றிருந்தேன்,
பந்து இல்லாத 'வு'வைப் பார்த்துக்கொண்டு.
"ஏய், இப்பத் தூக்குடி தலையை!"
ரிஸ்வானா கத்தினாள்.

தூக்கினேன்.
ஆற்காட்டுப் பாலத்துக்கு மேலே
ஒரு அரிசி அளவு வெள்ளை.
எறும்பளவு பஸ் ஒன்று அதன் கீழே.
கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.
வழக்கமாகக் குனிந்தால்தான் வலிக்கும்.

பந்து கிடைக்கவில்லை.
சீமைக்கருவேலம் புதருக்குள் ஒரு மணி நேரம் தேடி,
அவள் சுடிதாரைக் கிழித்துக்கொண்டாள்.
ஒரு கிலோ தக்காளி.

திங்கட்கிழமை, மேஜை.
டிக், டிக். நடுவே எதற்கோ நிமிர்ந்திருக்கிறேன்.
"அங்க என்னம்மா பராக்கு?" என்றார் சூப்பர்வைசர்.
அடுத்த ஜோடியை எடுத்தேன். லேடீஸ், ஐந்தாம் சைஸ்.
ஒன்பதாவது முள் ஆடுவதுபோல இருந்தது.
இன்னொரு தடவை திருகிப் பார்க்கலாம்தான்.
ஓரமாக வைத்தேன்.
ரிஸ்வானாவுக்கு ஐந்துதான் பொருந்தும்.